அறுபது வயதுக்கு மேல் உளி பிடிக்கலாமா? அப்பாவின் சாய்வு நாற்காலியை நானே சரிசெய்யலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது. வயது 61. அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். அப்பா உட்கார்ந்த தேக்கு சாய்வு நாற்காலி ஒன்று, கை ஆடிக்கொண்டு, பிரம்பு அறுந்து கிடக்கிறது. கூடவே மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்ளும் பழைய மர பீரோ. தச்சு வேலை கற்றுக்கொண்டு இரண்டையும் தானே சரிசெய்ய ஆசை. அதற்கு என்னென்ன மெஷின் வாங்கலாம், இந்த வயதில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கிறார். மெஷின் கேள்விக்கு அடியில் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கை இனிமேல் பழகுமா என்பது ஒன்று. பழகுவதற்குள் அப்பாவின் நாற்காலியைக் கெடுத்துவிடுவேனோ என்பது இன்னொன்று. கை பழகும், அதில் சந்தேகம் வேண்டாம். இரண்டாவது பயம் நியாயமானது. அதை விட்டுவிடாதீர்கள், இந்த வேலையில் அது நல்ல துணை.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் பல வருடங்கள் பயிற்றுநராக இருந்தவன். இப்போது பழைய மரச்சாமான்களைப் பழுது பார்க்கிறேன், ஓய்வு பெற்ற சிலருக்குக் கற்றும் கொடுக்கிறேன். எனக்குப் பழக்கமானவை நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் தேக்கு, தோதகத்தி (ரோஸ்வுட்), பலா மரச் சாமான்கள். தங்க ரேக்கு ஒட்டிய சிற்பம், வண்ணம் தீட்டிய பழைய கோயில் மரவேலை போன்றவை என் துறை இல்லை. அவற்றைப் பற்றி இங்கே சொல்வதை வைத்து யாரும் கை வைக்க வேண்டாம்.

வயதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுப் பையனுக்கு வேகம் இருக்கும். அறுபது வயதுக்காரர் அறுப்பதற்கு முன் இரண்டாவது தடவை அளந்து பார்ப்பார். தச்சு வேலைக்கு இரண்டாவது குணம்தான் அதிகம் உதவுகிறது என்பது நான் பார்த்த வரையில் உண்மை. உடம்பு விஷயத்தில் மட்டும் சில ஏற்பாடுகள் தேவை. நம் ஊர் ஆசாரிகள் தரையில் குந்தி உட்கார்ந்து, கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்து வேலை செய்வார்கள். சிறு வயதிலிருந்து வந்த பழக்கம் அது. அறுபதுக்கு மேல் ஆரம்பிக்கிறவர் முழங்காலை அதற்குள் இழுக்கக் கூடாது. நின்று வேலை செய்ய ஒரு கனமான மேசை வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம் இழைப்பதற்கு ஏற்றது. உளியால் நுணுக்கமாகச் சீவும்போது கட்டை முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் கழுத்து வலிக்காது. தலைக்கு மேல் எரியும் ட்யூப் லைட் போதாது. பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும் ஒரு மேசை விளக்கு வைத்தால் கோடும் மேடு பள்ளமும் தெளிவாகத் தெரியும். பாதிப் பேர் "கை நடுங்குகிறது" என்று சொல்வது உண்மையில் கண் சரியாகத் தெரியாததால்தான்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா, சர்க்கரையால் விரல் நுனியில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். அதில் முடிவு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். பழைய மரத்தில் துருப்பிடித்த ஆணி எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

சரி, மெஷின். முதல் ஆறு மாதத்துக்கு ஒரு சாதாரண துளையிடும் டிரில் போதும், வேறு எதையும் வாங்காதீர்கள். குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்பிள் அறுக்கும் கட்டரிலும் நாலு அங்குல கிரைண்டரிலும் பல் வைத்த மரப் பிளேடைப் பூட்டி அறுப்பது நம் ஊரில் சகஜம். பல வருடம் தொழில் செய்தவர்களே அதில் விரலை இழந்திருக்கிறார்கள். பிளேடு மரத்தில் இறுகிய நொடியில் மெஷின் கையை மீறித் துள்ளும், அதைப் பிடித்து நிறுத்தும் நேரம் எவருக்கும் கிடைக்காது. வயதான காலத்தில் புதிதாகக் கற்கிறவர் அதைத் தொடவே கூடாது என்பதில் எனக்கு ஒரு சமரசமும் இல்லை. அடுக்குமாடியில் சத்தமும் தூசியும் வேறு பிரச்சினை. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நாள் முழுக்க, வருடக்கணக்கில் தூசியில் நிற்கிற தொழிலாளிக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனாலும் உப்புத்தாள் தேய்க்கும்போது N95 முகக்கவசம் போடுங்கள். தோதகத்தித் தூள் சிலருக்கு அரிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். 6, 12, 25 மில்லிமீட்டரில் மூன்று உளிகள், ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), நுண்பல் ரம்பம் ஒன்று, மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி), சின்ன இழைப்புளி (மரத்தைச் சீவி மட்டமாக்கும் கருவி) ஒன்று, நாலைந்து கிளாம்ப். இவற்றோடு, இவற்றைவிட முக்கியமாக, கூர் தீட்டும் கல். கடையில் வாங்கும் புது உளி வேலைக்குத் தயாராக வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. முதலில் அதன் பின்பக்கத்தை நுனியிலிருந்து ஓர் அங்குலமாவது தட்டையாக்க வேண்டும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் உப்புத்தாளை ஒட்டி 220-ல் ஆரம்பித்து 400, 800, 1200 என்று போகலாம். அப்புறம் முன்பக்கச் சரிவை 25 டிகிரியில் தீட்டி, நுனியை மட்டும் 30 டிகிரியில் நாலைந்து இழுப்பு. பின்பக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது வந்தால்தான் கூர் நுனி வரை எட்டியிருக்கிறது என்று பொருள். அதைப் பின்பக்கத்தை ஒட்டவைத்து ஒரு தேய்ப்பில் எடுத்துவிட வேண்டும்.

பேக்கிங் பெட்டிகளில் வரும் பைன் மரம் நல்ல பரீட்சை வைக்கும். அது மெத்து மரம். மொட்டை உளியால் அதன் வெட்டு முனையைச் சீவினால் நார்கள் நசுங்கிப் பிய்ந்து வரும். கூர்மையான உளி அதே இடத்தைப் பளபளப்பாகச் சீவும். தேக்கில் மொட்டை உளி கூட ஓரளவு சமாளிக்கும், அதனால் தேக்கில் பழகுகிறவருக்குத் தன் உளி மொட்டை என்பதே தெரியாமல் போகும். கூர் இல்லாத உளிக்கு அழுத்தம் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் அது வழுக்கி இடது கையில் இறங்கும். உளி போகும் பாதையில் எந்தக் கையும் இருக்கக் கூடாது. கட்டையைக் கையால் பிடிக்காமல் கிளாம்பால் பிடியுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் இதைத்தான் கொடுப்பேன்: தீட்டு, சீவு, மறுபடி தீட்டு. சலிப்பாக இருக்கும். இதைத் தாண்டியவர்கள் எல்லாரும் நிலைத்தார்கள். தாண்டாமல் நேராக மேசை செய்யப் போனவர்களில் பலர் ரெண்டு மாதத்தில் உளியைப் பரணில் போட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் கழுந்தும் துளையும், அதாவது ஒரு கட்டையின் முனையில் செதுக்கிய நாக்கு இன்னொரு கட்டையின் துளைக்குள் நுழையும் இணைப்பு. அரை அடி நீளத் துண்டுகளில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தி முனையால் கீறுங்கள், உளி அந்தக் கீறலில் தானாக உட்காரும். கழுந்தைத் துளைக்குள் கையால் அழுத்தினால் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. அந்த இறுக்கம் கைக்கு வந்த பிறகு, பழைய சாமான் கடையில் ஆடுகிற முக்காலி ஒன்றை வாங்கிப் பிரித்து மாட்டுங்கள். அப்பாவின் நாற்காலி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ உங்கள் மேசைக்கு வரட்டும். பயிற்சிக்கு வீடு இடித்த பழைய மரம் மலிவாகக் கிடைக்கும். இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை அதன் மேல் நகர்த்திப் பாருங்கள், உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி அகப்படும்.

யாரிடம் கற்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொழிற்பயிற்சி நிலையங்களின் தச்சுப் படிப்பு ஒரு வருட முழுநேரப் படிப்பு, உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கும் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. மரத்தை அடையாளம் காண்பது, பதப்படுத்துவது பற்றித் தெரிந்துகொள்ள நல்ல இடம். கைவேலைக்கு என் யோசனை இதுதான். உங்கள் பகுதியில் கையால் வேலை செய்யும் வயதான ஆசாரி ஒருவரைத் தேடுங்கள். பிளைவுட் ஒட்டி மாடுலர் கிச்சன் செய்கிறவர் இதற்குச் சரிப்பட மாட்டார். அவருடைய ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுத்து, "இன்னிக்கு எனக்காக எதுவும் செய்ய வேண்டாம், சொல்லிக்கொடுங்க ஐயா" என்று கேளுங்கள். வீடியோ பார்த்துக் கற்கலாம், ஆனால் உங்கள் தோள் தூக்கியிருப்பதையும் ரம்பத்தை இறுக்கிப் பிடிப்பதையும் வீடியோ பார்த்துச் சொல்லாது.

இப்போது நாற்காலி. பழைய சாமானைப் பழுது பார்ப்பதில் நான் கடைப்பிடிக்கும் விதி, பின்னால் வருகிறவர் பிரித்து எடுக்க முடியாத எதையும் செய்யாதே என்பது. இன்றைக்கு நீங்கள் சரியாகச் செய்யாவிட்டாலும் ஐந்து வருடம் கழித்து இன்னும் நன்றாகத் தெரிந்த நீங்களே அதைத் திருத்திக்கொள்ளலாம். அதனால் ஆடும் கையில் ஆணி அடிக்காதீர்கள், இரும்பு எல் பட்டை வைத்து ஸ்குரூ போடாதீர்கள். ஆணி அடித்த மூட்டு கொஞ்ச நாள் நிற்கும், பிறகு கழுந்தையே பிளந்துவிடும். அதேபோல விலகிய மூட்டின் இடுக்கில் ஃபெவிகாலை ஊற்றுவதும் வீண். பழைய பசையின் மேல் அது பிடிக்காது. மூட்டைப் பிரித்து, சுரண்டி, மரம் தெரியச் சுத்தம் செய்தால்தான் புதுப் பசை வேலை செய்யும்.

பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், ஒவ்வொரு துண்டிலும் காகித டேப் ஒட்டி எண் போடுங்கள். முன்காலின் தலை, கைப்பலகையின் அடியில் நுழையும் இடத்தை விளக்கு அடித்துப் பாருங்கள். சின்ன வட்டமோ சதுரமோ தெரிந்தால் அது மூங்கில் ஆணி. அதைக் குறைந்த அளவு டிரில் பிட்டால் துளைத்து எடுக்காமல் மூட்டை இழுத்தால் கழுந்து ஒடியும். ஃபெவிகால் சந்தைக்கு வந்தது 1959-இல். அதற்கு முந்தைய சாமான்களில் பெரும்பாலும் வச்சிரம்தான், விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை. சூடும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூட்டைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து, துணி சுற்றிய கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் பிரிந்து வரும். அரக்குப் பாலிஷ் ஈரத்தில் வெளுத்துப்போகும் என்பதால் துணி மூட்டை மட்டும் தொடட்டும். திரும்ப ஒட்டவும் வச்சிரமே நல்லது. இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி அளவில் உருக்குவார்கள். கொதித்தால் வலு போய்விடும். சில வீடுகளில் விலங்குப் பசை ஆகாது என்பார்கள், அதை மதிக்க வேண்டியதுதான். அப்போது சாதாரண வெள்ளைப் பசை போதும். எதிர்காலத்தில் பிரிப்பது கடினமாகும், அவ்வளவுதான். தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முன் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். சாய்ந்த வடிவத்தில் கிளாம்ப் நிற்காத இடத்தில் பருத்திக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

பாலிஷைப் பற்றி எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கறுத்துப்போன நாற்காலியைப் பார்த்ததும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி வியர்வை, எண்ணெய், தூசி. மிதமான சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணி, அது காய்ந்த பின் டர்பன்டைன் தொட்ட துணி, இந்த இரண்டிலேயே பல நாற்காலிகள் பாதி வயது குறைந்து வெளியே வரும். அடியில் இருக்கும் பூச்சு என்னவென்று தெரிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்தில் யாரோ மெலமைனோ பாலியூரித்தேனோ அடித்திருக்கிறார்கள். அரக்கு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், புது அரக்கு பழைய அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும், சுரண்டவே தேவையில்லை. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குச் செதில், ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டி, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து மெல்லிய கோட்டாக அடியுங்கள். தடித்து ஒரு கோட் அடிப்பதைவிட மெலிதாகப் பத்துக் கோட் நன்றாக இருக்கும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், பூஜை விளக்கு எரியும் அறையில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வேண்டாம், ஈரக்காற்று பட்டுப் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். வேகவைத்த ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், அந்தத் துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றும். இது உண்மையில் நடப்பது, மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விரித்துக் கொடியில் காயப்போடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது காயவே காயாது, தூசியைத்தான் சேர்க்கும்.

வண்ணப் பெயின்ட் அடித்த பழைய சாமான் கையில் வந்தால் வேறு எச்சரிக்கை. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு, காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், பேரக்குழந்தைகள் விளையாடும் இடத்தில் சுரண்டாதீர்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருவதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். பழைய பாலிஷை அப்படியே காப்பாற்றுவதா, முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பதா? நான் காப்பாற்றும் கட்சி. நல்ல பாலிஷ்காரர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, தினமும் உட்காரும் நாற்காலி அருங்காட்சியகப் பொருள் இல்லையே. உங்கள் நாற்காலி பர்மாத் தேக்கு என்று அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவிலிருந்து தேக்கு கப்பலில் வந்தது வரலாறு. ஆனால் நிலம்பூர்த் தேக்கும் பர்மாத் தேக்கும் ஒரே இனம், கண்ணால் பார்த்தோ எடையைத் தூக்கியோ பிரித்துச் சொல்கிறவரின் பேச்சை நான் உறுதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சொல்லப்படும் வயதுக்கும் இதே பதில்தான். வயது ஒருவேளை 100 ஆண்டுக்கு மேல் என்று தெரியவந்து, பிள்ளைகள் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக நினைத்தால் பொறுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைத் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலியின் அடியில் மாவுபோல் மெல்லிய தூள் விழுந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். துடைத்துவிட்டுக் கறுப்புக் காகிதம் ஒன்றை விரித்து வையுங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் துளைக்கும் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, விழாவிட்டால் அது பழைய கதை. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியை வண்டு சுலபமாகத் தொடாது, வெளிர் நிறத்தில் இருக்கும் வெண்மரப் பகுதிதான் உளுக்கும். போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த பூச்சிக்கொல்லிக் கரைசல் பாலிஷ் இல்லாத மரத்தில் உள்ளே இறங்கி நன்றாக வேலை செய்யும். பாலிஷ் இருக்கும் பக்கத்தில் அது இறங்காது என்பதால் பலன் பாதிதான். உளுத்த இடம் ஆள் எடையைத் தாங்கும் காலாகவோ சட்டமாகவோ இருந்தால் அந்த வேலையை ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள். படம் பார்த்து அதன் வலுவை நான் சொல்ல முடியாது, ஒரு ஊசியைக் குத்திப் பார்த்தால்தான் தெரியும்.

பிரம்பு பின்னுவது கடைசி. மூட்டும் பாலிஷும் முடிந்த பிறகுதான். தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே வர, நடுத்துளையிலிருந்து ஆரம்பித்துப் பின்ன வேண்டும். காயும்போது அது தானாக இறுகும், அதனால் பின்னும்போது முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். எண்கோணக் கண் வரும் பின்னலைப் படிப்படியாகக் கற்கலாம், விரலுக்கு நல்ல வேலை. முடியாவிட்டால் கொள்ளிடம் பக்கத்துத் தைக்கால் ஊரில் பிரம்பு வேலையே தொழிலாக இருக்கிறது. பல ஊர்களில் பார்வையற்றவர்கள் இந்தப் பின்னலை அருமையாகச் செய்கிறார்கள், அவர்களிடம் கொடுத்தால் வேலையும் நன்றாக அமையும். பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் ஒயர் போடுவதை நான் விரும்புவதில்லை. சில இடங்களில் ஒயருக்காகத் துளையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், அப்புறம் பிரம்புக்குத் திரும்ப முடியாது.

கடைசியாக பீரோ. மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்று இப்போதே இழைப்புளி போடாதீர்கள். மரம் ஈரத்தை வாங்கிக் குறுக்குவாட்டில் விரியும், நீளவாட்டில் அநேகமாக மாறாது. மழையில் சீவிய கதவு வெயில் காலத்தில் இடைவெளி விட்டு நிற்கும். பங்குனி வரை பொறுங்கள். முதலில் கீலின் ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கிறதா பாருங்கள், பாதிக் கதவுகள் அதனால்தான் தொங்கி இடிக்கின்றன. தளர்ந்த துளையில் மூங்கில் குச்சியைப் பசையோடு அடைத்துவிட்டு ஸ்குரூவைத் திரும்பப் போடலாம். வெயில் வந்த பிறகும் இடித்தால், சட்டத்தின் உள்விளிம்பில் சாக்பீஸ் தடவிக் கதவை மூடித் திறங்கள். கதவில் வெள்ளை ஒட்டிய இடம்தான் இடிக்கும் இடம், அங்கே மட்டும் ஒரு சீவல். பின்பலகையில் நீளமாக ஓடும் வெடிப்பை மக்கு வைத்து அடைக்காதீர்கள். மழையில் பலகை விரியும்போது அந்த இடைவெளி அதற்குத் தேவைப்படும்.